பெட்டிக்கு முன்பதிவு

தெற்குத் தைவானின் அந்தக் கடலோர ஊரில் ஏழை ஒருவர் செத்தால் போதும், சவப்பெட்டி வாங்கித்தர ஆட்கள் நான் முந்தி நீ முந்தி என்று நிற்பார்கள். ஏழைக்குப் பெட்டி கொடுத்தால் வீட்டுக்கு வந்த கண்டம் விலகுமாம். கோயிலை ஒட்டிய தர்ம மன்றத்துக்கு இறால் பண்ணைக்காரர் காங் டிங்யாவும் அதற்காகத்தான் வந்தார். வெள்ளிக்கிழமை அவர் மனைவிக்கு இதய அறுவை சிகிச்சை.

"என் பேர்ல ரெண்டு பெட்டி எழுதிக்கம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்தாகணும்."

"உங்களுக்கு முன்னால நூறு பேர் இருக்காங்க முதலாளி. ஏழு மாசம் ஆகும்" என்றாள் மன்றத்துக் கணக்கு எழுதும் பிஷியா.

"ஏழு மாசமா! ஏன், ஊர்ல ஏழைங்க சாகறதே இல்லையா?"

"சாகறாங்க. உங்க அவசரத்துக்குச் சாக மாட்டேங்கறாங்க."

வாய் துடுக்காகப் பேசினாலும் பிஷியாவுக்கு நேற்றிலிருந்து மனசே சரியில்லை. சிப்பி உரிக்கும் அஜியாவ் நேற்று வந்து, பெட்டிக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாமா என்று கேட்டாள். புருஷன் உயிரோடுதான் இருந்தார். நுரையீரல் போய், வாடகை ஆக்சிஜன் மிஷினில் ஓடிக்கொண்டிருந்தது உயிர். வாடகை நின்றுபோனதால் சனிக்கிழமை கடைக்காரன் மிஷினைத் தூக்கிப்போகிறான். அரசு உதவி கேட்டால், குடும்பப் பதிவில் சம்பாதிக்கும் மகன் இருக்கிறானே என்றார்களாம். அந்த மகராசன் முகம் காட்டி ஒன்பது வருஷம் ஆகிறது! மன்றத்துப் பணமோ பெட்டிக்கென்றே கொடுத்தது, வேறெதற்கும் தொடக்கூடாது. "பெட்டி கண்டிப்பா உண்டுக்கா" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

காங்கின் பணம் இன்னும் பெட்டிக் கணக்கில் ஏறவில்லை. பிஷியா விஷயத்தைச் சொன்னாள். "பெட்டிக்குப் பதிலா அந்த மிஷினைக் குடுங்களேன்."

அவர் தயங்கினார். "சாகாதவனுக்குக் குடுத்தா சாமி ஏத்துக்குமா?"

"செத்தவனுக்குக் குடுத்தா புண்ணியம், சாகாம காப்பாத்தினா புண்ணியம் இல்லையா? அது என்ன சாமி!" என்று சீறிவிட்டு, பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் சாமி இருப்பது நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நெஜமாவே கஷ்டம்தானா? ஏமாத்தறாங்களோ?"

"சிப்பி வாங்கற மாதிரி போய்ப் பாருங்க. நான் அனுப்பினேன்னு சொல்லாதீங்க."

ஸ்கூட்டரில் போனவர் அரை மணியில் திரும்பினார். கையில் வேண்டாத சிப்பி இரண்டு கிலோ.

"அந்தாளு படுத்திருக்கற எடத்துல என் இறால் கூட ஒரு நாள் தாங்காதும்மா" என்றார். "சொந்தமா புது மிஷினே வாங்கிடு. பேரெல்லாம் வேண்டாம்."

பிஷியாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உடனே அஜியாவைப் போனில் பிடித்தாள். கடகடவென்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"அக்கா? கேக்குதா?"

"கேக்குது" என்றாள் அஜியாவ். "நேத்து அவர்கிட்ட, பெட்டிக்குச் சொல்லியாச்சு, சாவுச் செலவுன்னு எனக்குக் கடன் வராதுன்னேன். நாலு மாசத்துல நேத்துதான் மனுஷன் நிம்மதியாத் தூங்கினாரு. இப்ப போய் என்னன்னு சொல்லுவேன், பிஷியா?"

பிஷியாவின் கண் நிறைந்துவிட்டது.

"பெட்டி இல்லைன்னு சொல்லுக்கா" என்றாள். "உசுரோட இருந்துதான் ஆகணும்னு சொல்லு."