அசையாத தேவாங்கு

...பென்னி யார் அதைச் சொல்ல, பத்தொன்பது இரவு இந்த உடைமரத்தடியில் கொசுக்கடி வாங்கியது அவனா, வேல்விழியா? குத்துக்கல்வலசையில் பிளாட் போட்டதுபோக மிஞ்சிய நாலு மரத்தில் தேவாங்கு இருப்பதைக் கண்டுபிடித்தவள் அவள், டார்ச்சில் சிவப்புத்தாள் ஒட்டியவள் அவள், இருமல் வந்தால் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டவள் அவள்... தென்காசிக் கண்காட்சியில் அவள் எடுத்த படம் மாட்டியாயிற்று, அடியில் ‘என்னை நம்பியது’ என்று எழுதியும் ஆயிற்று, நாளை காலை திறப்பு, இன்று சாயங்காலம் பென்னி அத்தனை பேர் முன்னால் நின்று சிரிக்கிறான். “ஏட்டி, அது உன்னய நம்பவும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஃபிளாஷ்ல கண்ணு அவிஞ்சு போயி நிக்கி. அதப்போயி பழகிட்டுங்கியே.” செங்கோட்டைக் கல்யாண வீடுகளில் போட்டோவுக்கு மாப்பிள்ளையை மோவாயைத் தூக்கச் சொல்லிப் பிழைக்கிறவன், இவன் சொல்கிறான். “இன்னைக்கே வீடியோ எடுத்துக் காட்டுதேம்லே. எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்கியா?” “கேக்கேன். இல்லைன்னா நீ படத்தக் கழத்துதியா?” கழற்றுகிறேன் என்று ஏன் சொன்னாள், அவனுக்கு எதற்குப் பதில் சொல்ல வேண்டும்...

வந்துவிட்டது. சிவப்பு வெளிச்சத்தில் இரண்டு கண்கள், பிறகு கை, கிளையோடு கிளையாக அத்தனை மெதுவாக நீண்டு ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்தது. ஸ்டாண்டில் செல்போன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. வாய்க்குப் போகும் கையை அவள் கேமராவில் பிடித்தாள். ஃபிளாஷ். மரமே வெளுத்து, மறுபடி இருண்டது. ஓடியதா? ஓடவில்லை, பார்டா பென்னி, என்னைத்தான் பார்க்கிறது, பயந்தால் இப்படி நிற்குமா, பத்து எண்ணினாள், இருபது, நாய்ப்பயலே, கேள் மன்னிப்பு, முப்பது... பாதி வழியில் நின்ற கையிலிருந்து வெட்டுக்கிளி வெளியே வந்தது. முழங்கையில் ஏறியது, தோளில், முகத்தில், திறந்திருந்த இரண்டு கண்களுக்கும் நடுவில் நடந்து, நெற்றியில் கொஞ்சம் நின்று, பறந்துபோனது. கண்கள் அதைப் பார்க்கவில்லை. எவ்வளவோ நேரம் கழித்து அந்தக் கை மீதி வழியைக் கடந்து வாய்க்குப் போனது. வெறும் விரல்களை மோந்தது. நக்கியது.

அவன் சொல்லித்தொலைத்ததால் இப்படித் தெரிகிறது, இல்லாவிட்டால் தெரிந்திருக்காது, பத்தொன்பது நாளும் தெரியவில்லையே... டார்ச்சை அணைத்தாள். பற்களைக் கடித்திருந்ததில் தாடை வலித்தது. கேமராவின் சின்னத் திரையில் மட்டும் அது இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. சுவரில் மாட்டியிருந்ததைவிட நன்றாக வந்திருந்தது.