நாய்களுக்கு ஷிப்ட் போட்டவள்

1

இந்தக் கதை டோல்கேட் பஸ் ஸ்டாப்பில் பொறுக்கியது. அறுபத்தொன்பதாம் வருஷம், மழை ஓய்ந்த ஒரு மாலை. எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் யாரையோ பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "அவளா? நாய்ங்களுக்கே ஷிப்ட் போட்டவளாச்சே அவ!" என்றாள் ஒருத்தி. மற்றவள் சிரித்த சிரிப்பில் இடுப்புக் கூடை சாய்ந்தது. பஸ் வந்தது, அவர்கள் ஏறிவிட்டார்கள். அந்த வாக்கியத்தை வாய்க்குள் உருட்டிக்கொண்டு நின்ற நான் பஸ்ஸைக் கோட்டைவிட்டேன்.

ஆக, என்னிடம் இருப்பது ஒரே ஒரு வாக்கியம். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. "அப்படியெல்லாம் நடக்கவே இல்லையே" என்று யாராவது சண்டைக்கு வந்தால், அவர்களுக்கு இப்போதே ஒரு கும்பிடு.

2

முதல் ஆரம்பம்: "எண்ணூர்க் கடலின்மேல் சூரியன் மெல்ல—"

வேண்டாம். சூரியனுக்கு இந்தக் கதையில் வேலை கிடையாது.

இரண்டாவது: "நாய் நன்றியுள்ள பிராணி." பள்ளிக்கூடக் கட்டுரை. அடித்துவிட்டேன்.

மூன்றாவது: திருவொற்றியூரில் ஓர் ஆலை வாசலுக்கு எதிரே அடைக்கலமேரி ஆப்பக்கடை வைத்திருந்தாள். கடைக்குப் பின்னால் ஓட்டு வீடு, வீட்டுக்கு முன்னால் மூங்கில் படல். நாற்பதைத் தாண்டியவள், விதவை, பிள்ளைகள் இல்லை. கருவாயன் என்று ஒரு கோம்பை நாய் இருந்தான். கம்பத்து லாரிக்காரர் ஒருவர் குட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தது. செம்பட்டை உடம்பு, கரி பூசிய மூஞ்சி. அவன் உத்தரவு இல்லாமல் தபால்காரர்கூட அந்தப் படலைத் தாண்டியதில்லை.

இதில் உயிர் இருக்கிற மாதிரி தெரிகிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

ஆலைக்குள் வேகன் தள்ளிக்கொண்டு வரும் ரயில்வே ஷண்டிங் கோஷ்டியில் செல்வநாதன் ஒருவர். ராயபுரத்துக்காரர், மனைவியை இழந்தவர். ஆப்பம் தின்ன வந்தவர், தின்று முடித்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார். ஊர் சிரித்தது. அவர்களும் சிரித்தார்கள். கல்யாணம் நிச்சயமாயிற்று.

அவரிடமும் ஒரு நாய் இருந்தது. ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஆங்கிலோ இந்திய டிரைவர் ஒருவர் சங்கிலியைக் கையில் கொடுத்துவிட்டுப் போன நாய், பெயர் மேஜர். டாஷண்ட் ஜாதி. பெஞ்சு போல நீளம், உயரம் ஒரு சாண். அந்த ஒரு சாண் விஷயத்தை மட்டும் யாரும் அவனிடம் சொல்லவில்லை.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மாதா கோவிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் இன்னாரை மணக்கப் போகிறார், தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லலாம் என்று. மூன்று ஓலையும் முடிந்த பிறகுதான் தாலி.)

அந்த மூன்று வாரமும் மேஜர் திருவொற்றியூரிலேயே இருந்து பழகட்டும் என்று ஏற்பாடு. மாப்பிள்ளைக்கு முன்னால் மாப்பிள்ளையின் நாய் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து இறங்கியது.

3

செல்வநாதன் யூனியன்காரர். எல்லாருக்கும் ஒரே தட்டு என்பது அவர் கொள்கை. முதல் ஓலை வாசித்த ஞாயிறு மத்தியானம், பெரிய அலுமினியத் தட்டில் சோறும் மீன் குழம்பும் பிசைந்து வாசலில் வைத்தார்.

"ரெண்டும் ஒண்ணா துன்னட்டும் மேரி. இதுல மேல இன்னா, கீழ இன்னா? சமபந்தி!"

"இன்னாய்யா, வெளையாடுறியா? நான் சோறு வச்சாலே அவன் மொறச்சிக்கினுதான் துன்னுவான்."

சமபந்தி ஒரு வாய்ச் சோறு வரைக்கும் நடந்தது. பிறகு கருவாயன் மேஜரின் காதைக் கவ்வினான். மேஜர் அடியில் புகுந்து கருவாயனின் முன்னங்காலைப் பிடித்தான். விலக்கப் போன செல்வநாதனின் வேட்டி இரண்டு பேருக்கும் பொதுவாயிற்று. அத்தோடு குழம்புச் சட்டியும் உடைந்தது.

செல்வநாதனின் தங்கை ஐரீன் மஞ்சள் குழைத்து எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். மேஜரின் காதுக்கும் கருவாயனின் காலுக்கும் பயந்து பயந்து பூசிவிட்டுச் சொன்னாள்: "அண்ணி, சொல்றேன்னு கோச்சிக்காத. ஒரே ஒறையில ரெண்டு கத்தி இருக்குமா? பெரம்பூர்ல எனக்குத் தெரிஞ்ச டீச்சரம்மா கீறாங்க. மேஜர அவங்ககிட்ட குடுத்துடலாம். நல்லா பாத்துப்பாங்க."

(ஐரீனை வில்லியாக்கி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். மஞ்சளோடு வந்தவளை அப்படிச் செய்ய மனசு வரவில்லை.)

"ஒரு நாயத் தொரத்திட்டுத்தான் எனக்கு கண்ணாலம் ஆவணும்னா, அந்த கண்ணாலமே எனக்கு வாணாம்," என்றாள் அடைக்கலமேரி. "மூணாவது ஓலைக்குள்ள இதுங்க ரெண்டும் இந்த வூட்ல ஒண்ணா இருக்கணும். இல்லாட்டி நானே சாமியார்கிட்ட போயி ஓலைய நிறுத்தச் சொல்லிடுவேன்."

4

இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. மேஜர் அவள் வளர்த்த நாய்கூட இல்லை. பெரம்பூருக்குப் போனால் அவளுக்கு என்ன போயிற்று? வாசல் தேடி வந்த வாழ்வை ஒரு நாய்க்காக எந்தப் பெண்ணாவது பணயம் வைப்பாளா? "சரி ஐரீன்" என்று அவளைத் தலையாட்ட வைத்து எழுதினேன். பேனா நகர மறுத்தது. ஏன் என்று யோசித்தபோதுதான் அவளுடைய பழைய கதை எனக்குக் கிடைத்தது.

முதல் கல்யாணத்தின்போது, அவளை வளர்த்த சின்னம்மாவும் அவளோடு புகுந்த வீட்டுக்கு வந்திருந்தாள். இடம் போதவில்லை, ஒத்துப்போகவில்லை என்று சொல்லி, சின்னம்மாவின் மூட்டையைக் கட்டி, சடையங்குப்பத்தில் ஏதோ தூரத்து உறவின் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அடைக்கலமேரியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு மழைக்காலத்தில் சடையங்குப்பத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அவள்—

(வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன். உங்களை அழவைக்கப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.)

அவளுக்குச் செல்வநாதன் வேண்டும். ரொம்பவே வேண்டும். ஆனால் இந்த முறை அவள் வீட்டிலிருந்து யாரையும் யாரும் கொண்டுபோய் விடக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

5

அடுத்த வாரம் முழுக்கத் தோல்விதான். கருவாயனைக் கட்டிப்போட்டாள், கயிற்றைக் கடித்துத் துப்பினான். மேஜரை அறைக்குள் அடைத்தாள், மண்தரையைத் தோண்டிச் சுவருக்கு அடியில் வெளியே வந்து தும்மினான். இரண்டாம் ஓலை வாசித்தபோது அவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலச் சங்கு ஊதிற்று. ஆப்பச்சட்டியைச் சுழற்றிக்கொண்டே ஆலை வாசலைப் பார்த்தாள். ஞானம் வெளியே வந்தார், தங்கப்பாண்டி உள்ளே போனார். ஒரே மெஷினில் அடுத்தடுத்த ஷிப்ட்காரர்கள். வேறு வேறு யூனியன். கடையில் ஒருவர் உட்கார்ந்த பெஞ்சில் மற்றவர் உட்கார மாட்டார். ஆனால் அந்த மெஷினுக்காக அவர்கள் ஒரு நாளும் அடித்துக்கொண்டதில்லை. சங்கு ஊதினால் இவர் நகர்ந்துகொள்வார், அவர் நின்றுகொள்வார்.

"அய்ய! இத்தினி வருசமா இத்தப் பாத்துக்கினேதான் ஆப்பம் சுட்டுக்கினு கீறேன்," என்று வாய்விட்டே சொன்னாள். சட்டியில் இருந்த ஆப்பம் கருகியது.

(நாய்களுக்குத் தொழிலாளிகளை உவமை சொல்கிறேன் என்று யாரும் கொடி பிடிக்க வேண்டாம். யோசனை அவளுடையது.)

அன்றைக்கே தொடங்கினாள். காலைச் சங்குக்கு மேஜர் படலில் காவல், கருவாயன் வீட்டுக்குள். சாயங்காலச் சங்குக்குக் கருவாயன் காவல், மேஜர் வீட்டுக்குள். உள்ளே வருகிறவனுக்குச் சோறு. ஒருவன் முன்கதவு வழியாகப் போனால் மற்றவன் பக்கவாட்டுக் கதவு வழியாக வருவான். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியதே இல்லை. முதல் இரண்டு நாள் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை அவள் கூப்பிடவே இல்லை. சங்கு ஊதியதும் மேஜர் எழுந்து, சோம்பல் முறித்து, வேலைக்குக் கிளம்பினான். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தார்கள்.

"அக்கா, இதுங்களுக்கு போனஸ் உண்டா?"

"மொதல்ல உனுக்கு வருதா பாரு!" என்றாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

6

சனிக்கிழமை காலை சங்கு ஊதவில்லை. ஆலையில் வேலைநிறுத்தம். எல்லா யூனியனும் சேர்ந்து வாசலில் உட்கார்ந்துவிட்டது.

இரவெல்லாம் காவல் காத்த கருவாயன் படலிலேயே இருந்தான். சங்கு ஊதாமல் அவன் எதற்கு நகர வேண்டும்? உள்ளே மேஜர் கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தான். விடிந்துவிட்டது, அவனுடைய நேரம். செய்தி கேட்டு செல்வநாதன் ஓடிவந்தார். மறுநாள் மூன்றாம் ஓலை.

"வாணாம்மே. நான் மேஜர பெரம்பூருக்கே கொண்டும்போயி உட்டுட்றேன். என்னால உன்ன உட முடியாது."

"அவன உட்டுட்டு வந்தா, உன் மூஞ்சிய நான் எப்டிய்யா பாக்கறது? எத்தினி நாளைக்கு சங்கு ஊதுறத நம்பிக்கினு இருக்கறது? கம்னு நில்லு." அவள் முன்கதவைத் திறந்தாள்.

கதவைத் திறந்தபடியே நிறுத்திவைத்து நான் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். அ) இரண்டும் கடித்துக் குதறிக்கொண்டன. நடக்கக்கூடியதுதான், ஆனால் இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்? ஆ) மேஜர் போய்க் கருவாயனின் முகத்தை நக்கினான். மளிகைக்கடைக் காலண்டர் படம். இ) அந்த நேரம் பார்த்து ஒரு திருடன் வந்தான், இரண்டும் சேர்ந்து அவனை— பட்டப்பகலில், எதிரே அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது, எந்தத் திருடன் வருவான்?

என்னால் நம்ப முடிந்தது இதுதான்.

மேஜர் நேரே படலுக்கு நடந்தான். கருவாயன் எழுந்து நின்று உறுமினான். மேஜரும் நின்று உறுமினான். அடைக்கலமேரி மாதாவைக் கூப்பிட்டாள், பாதி ஜெபத்தில் வார்த்தை மறந்துவிட்டது. மேஜர் கருவாயனைச் சுற்றிக்கொண்டு படலின் மறு ஓரத்துக்குப் போய், முதுகைத் திருப்பி, சாலையைப் பார்த்து உட்கார்ந்தான். கருவாயன் அந்த நீள முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஆலையைப் பார்த்து உட்கார்ந்தான். இருவரும் காவல் காத்தார்கள். எவனும் எவனுக்கும் இடம் விட்டுக்கொடுக்கவில்லை.

"டபுள் டூட்டிடோய்!" என்று ஆலை வாசலிலிருந்து ஞானம் கத்தினார். தங்கப்பாண்டி விரலை மடித்து விசிலடித்தார். வாசல் முழுக்கக் கைதட்டல். அடைக்கலமேரி சிரித்தாள், அழுதாள், இரண்டு தட்டில் சோறு போட்டு இரண்டு ஓரத்தில் வைத்தாள். "துன்னுங்கடா எம் ராசாங்களா!" சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருந்தார்கள்.

ஞாயிறு காலை சாமியார் மூன்றாம் ஓலையை வாசித்தார். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தினார். (இந்த இடத்தில் வெளியே ஒரு குரைப்பு கேட்டிருந்தால் எனக்கு வசதி. கேட்கவில்லை.) அடைக்கலமேரி தலையை நிமிர்த்தி, கோவில் முழுக்க ஒரு சுற்றுப் பார்த்தாள். சொல்லுங்களேன் பார்க்கலாம் என்கிற பார்வை. பாடல் தொடங்கியபோது மற்ற எல்லாரையும்விட அவள் குரல்தான் உரக்கக் கேட்டது.

7

கல்யாணம் நடந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. எனக்குத் தீராத இடம் வேறு. வேலைநிறுத்தம் என்றாவது முடியும், சங்கு மறுபடி ஊதும். அப்போது படலிலிருந்து எழுந்து உள்ளே போவது யார்? கருவாயனா, மேஜரா, இல்லை இரண்டு பேருமே அசைய மாட்டார்களா? மூன்று விதமாகவும் எழுதிக் கிழித்துவிட்டேன். நீங்கள் இரண்டு நாய்களையும் இவ்வளவு நேரம் பார்த்திருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் உண்டாக்கியவள்தானே என்ற உரிமையில் கடைசியாக அடைக்கலமேரியிடமே கேட்டுப் பார்த்தேன். அவள் ஆப்பத்தைத் தட்டில் கவிழ்த்தாள், என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"போறவன் போவட்டும், குந்தறவன் குந்தட்டும். கதவு தொறந்துதான் கீது."