தலைவரின் வலது கை

1979 ஐப்பசியில், வேப்பந்தட்டை டூரிங் கொட்டகையின் முதல் ஆட்டத்தில், தலைவரின் வலது கை திரையிலிருந்து முழங்கை வரை வெளியே நீண்டு இருசம்மாளின் மனுவை வாங்கிக்கொண்டது. தரை டிக்கெட் அன்று நாற்பது காசு. யாரும் அதிசயப்படவில்லை. தலைவரின் வாழ்க்கையைச் சொல்லும் அந்தப் படம் முன்பு பத்து வருடம் நாடகமாக நடந்தது. மனு வாங்கும் காட்சியில் ஜனங்களே மேடையேறிக் கொடுப்பார்கள். படமான பிறகும் அவருக்கு அந்தப் பழக்கம் விடவில்லை.

சர்க்கார் இருசம்மாளுக்குக் கொடுத்த அறுபது சென்ட்டில் பாதியைக் கட்சிக் கிளைச் செயலாளர் காசிநாதன் வளைத்துப்போட்டு உழுதுகொண்டிருந்தார். ஆதாரம் கொண்டா என்று தாலுகா ஆபீஸில் விரட்டியே பழக்கியிருந்ததால், அவள் மூலப் பட்டாவையே மனுவோடு குண்டூசி குத்திக் கொடுத்துவிட்டாள்.

“நகல் வச்சிருக்கியா அத்தே?” என்றாள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்த வேம்பு.

“தலைவருக்குப் போயி நகலக் குடுப்பாங்களாடி?”

தலைவர் அதை ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டு, “தாயே, உன் கண்ணீர் என் கண்ணீர்” என்றார். அடுத்த காட்சியில் விருந்துக்குப் போனார். மறுநாளிலிருந்து கிணறு, ரோடு, ரேஷன் கார்டு என்று ஊரே மனு கொடுத்தது. பை பூசணிக்காயாக வீங்கியது. காசிநாதன் தினமும் திரைக்கு மாலை போட்டார். பட்டா கைவிட்டுப் போனதறிந்து மீதிப் பாதியையும் உழுதார்.

“ஏங்க, அது எந் நெலமுங்க” என்றாள் இருசம்மாள்.

“காயிதம் இருந்தாக் காட்டு. தலைவருகிட்ட இருக்குன்னா அவரையே வந்து சொல்லச் சொல்லு.”

பதினோராம் நாள் கடைசி ஆட்டம். படப்பெட்டி அடுத்து அரியலூருக்குப் போகிறது. கை நீண்டதும் இருசம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

“எம் பட்டாவக் குடுங்க.”

“தாயே, உன் கண்ணீர்...”

“கண்ணீர நானே வச்சிக்கிறேன். பட்டாவக் குடு.”

அவருக்கு வேறு வசனம் தெரியாது. வேம்பு அவள் இடுப்பைப் பிடித்து இழுக்க, ஜிப்பா பையோடு கிழிந்து, கையும் கழன்று வந்தது. ரத்தம் வரவில்லை, அரிதாரம் கொஞ்சம் உதிர்ந்தது. மனுக்கள் மணலில் கொட்டின. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. இருசம்மாள் குண்டூசியைத் தடவித் தன்னுடையதை எடுத்துக்கொண்டாள். தலைவர் இடது கையால் கும்பிட்டபடி அரியலூர் போனார். அங்கே படம் நூறு நாள் ஓடியது.

இரண்டு வருடம் ஆபீஸுக்கு நடந்து, பட்டாவைக் காட்டி அவள் நிலத்தை அளந்து வாங்கினாள். கையைக் கேட்டு யாரும் வரவில்லை. களைக்கொத்தைக் கொடுத்தால் அது பிடிக்காது, ஜனங்களைப் பார்த்து ஆட்டத்தான் அதற்குத் தெரியும். சோளக்கொல்லையில் ஒரு கம்பில் கட்டிவிட்டாள். குருவி அண்டுவதில்லை. காசிநாதன் மட்டும் அந்த வரப்பில் போகும்போதெல்லாம் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்.