எதிர்காற்றுப் பாதி

பொங்கல் கழிந்த அடுத்த ஞாயிறு, விடிந்து சற்று நேரத்தில், செல்வக்குமார் திருமங்கலத்துக்கு இந்தப் பக்கம் நான்குவழிச் சாலையில் ஒரு ஆரஞ்சுக் கூம்புக்கு அருகே நின்றுகொண்டிருந்தான். சைக்கிள் சீசனின் முதல் டைம் ட்ரையல் அன்று. திருப்பரங்குன்றத்தில் ஒவ்வொருவராக இடைவெளி விட்டுக் கிளப்பிவிடுவார்கள். அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் பதுங்கிக் காற்றைத் தவிர்க்க வழியில்லை. கூம்பைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டும். யார் எடுத்துக்கொண்ட நேரம் குறைவோ அவர் முதல். பாதியில் யாரும் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் மாவட்டச் சங்கம் அவனுக்குக் கொடுத்திருந்த வேலை. ஸ்டாப்வாட்ச்சை அவனாகத்தான் எடுத்து வந்திருந்தான்.

அவன் காத்திருந்தது ஒருத்திக்காக. அவன் மனைவி முத்துமீனாவுக்காக.

கோச்சடையில் அவனுக்கு ஒரு சைக்கிள் கடை. முன்பு அவனும் பந்தயம் ஓட்டியவன்தான்; முழங்கால் கெட்டுப்போய் நிறுத்திக்கொண்டான். முத்துமீனா நிறுத்தவில்லை. கல்யாணமான மறு வருடமே பெங்களூரு அணி ஒன்று அவளைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து மார்ச்சில் பந்தயங்களுக்காகப் பெல்ஜியம் போனால் அக்டோபரில்தான் திரும்புவாள். அப்புறமும் முகாம், பயிற்சி என்று பெங்களூரு. நடுவில் கிடைக்கும் சில வாரங்கள்தான் அவர்களுடைய குடித்தனம். அவள் வீட்டிலிருக்கும் நாட்களில் கடையைத் தாமதமாகத் திறப்பான். அவள் போன பிறகு கொடியில் கிடக்கும் அவளுடைய துண்டை எடுக்க மாட்டான். அது பாட்டுக்கு வெயிலில் வெளுத்துக்கொண்டு கிடக்கும்.

போன வருடம் பெல்ஜியத்தில் மழையில் விழுந்து அவளுக்குத் தோளருகே காறை எலும்பு முறிந்தது. வயதும் முப்பதைத் தாண்டிவிட்டது. அணியின் மேலாளர் பாண்டிராஜ், செல்வக்குமாருடன் ஒரு காலத்தில் ஒன்றாகப் பந்தயம் ஓட்டியவன். இந்த வருடம் அவளை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று இன்றைய ஓட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வதாக இருந்தான். அதற்காகவே மதுரைக்கு வந்து, முடிவுக்கோட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவள் வீட்டோடு இருப்பாள். இந்த நினைப்பு ஒரு மாதமாகவே செல்வக்குமாருக்குள் இருந்தது. அதை அவன் விரட்டவும் இல்லை, உட்கார வைத்துப் பேசவும் இல்லை.

காற்று வடகிழக்கிலிருந்து அடித்தது. வரும்போது முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். திரும்பும்போது நெஞ்சில் அடிக்கும். அதனால் முதலில் வந்த பெண்கள் எல்லாரும் பறந்துதான் வந்தார்கள். கூம்பைச் சுற்றி நிமிர்ந்ததும் காற்று முகத்தில் அறைய, உடம்பைக் குறுக்கிக்கொண்டு திணறினார்கள்.

முத்துமீனா வரவேண்டிய நேரம் கடந்தது. அவளுக்குப் பின்னால் கிளம்பிய சத்யப்ரியா என்ற இளம்பெண் அவளுக்கு முன்பே கூம்பைச் சுற்றிப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் முத்துமீனாவின் தலைக்கவசம் தெரிந்தது. சங்கிலி கழன்றுவிட்டதோ, தோள் வலிக்கிறதோ என்று செல்வக்குமாருக்குப் பதறியது. பக்கத்தில் வந்ததும் வேறொன்று தெரிந்தது. அவள் வாய் மூடியிருந்தது. முழு மூச்சில் மிதிப்பவளுக்கு வாய் மூடாது. முகத்தில் வேர்வையும் சரியாக இல்லை. வைகைக் கரையில் சாயங்காலம் சும்மா ஒரு சுற்றுப் போய்வருகிறவளைப் போல மிதித்து வந்தாள்.

கூம்பைச் சுற்றுகையில் அவனை நேராகப் பார்த்தாள்.

அவனுக்கே தெரியாமல் குரல் வந்தது. "ஏறு மீனா! மிதி, மிதி!"

அவள் தலையைக் குனிந்தாள். முழங்கைகளை ஊன்றி, முதுகைப் படுக்கவைத்தாள். கியர் மாறும் சத்தம் கேட்டது. பிறகு அவள் காற்றுக்குள் போன வேகத்தை அவன் பல வருடமாகப் பார்த்ததில்லை. கப்பலூர் பக்கம் அவள் ஒரு புள்ளியாகிறவரை பார்த்துக்கொண்டே நின்றான்.

கடைசிப் பெண்ணும் திரும்பிய பிறகு கூம்பைத் தூக்கி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு திருப்பரங்குன்றத்துக்கு வந்தான். முத்துமீனா சாலையோர வேப்பமரத்தடியில் மல்லாந்து படுத்திருந்தாள். வேர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அவன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தான். வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

பாண்டிராஜ் அவனைத் தனியே அழைத்துப் போனான்.

"அஞ்சாவதா வந்திருக்கா மாப்ள. அந்தச் சின்னப் பிள்ளை சத்யப்ரியா ரெண்டாவது. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல."

"சீசன் இப்பத்தான ஆரம்பிக்குது."

"அது தெரியும். தை மாசத்துல யாரு ஜெயிக்கிறாங்கறது முக்கியமில்ல. உடம்புல இன்னும் சரக்கு இருக்கா, அம்புட்டுத்தான் பாக்கணும். நான் இங்க உக்காந்து முடிவத்தான் பாத்தேன். நீதான் நடுவுல நின்ன. அவ முடிஞ்சிட்டாளா இல்லையா, அத மட்டும் சொல்லு."

செல்வக்குமார் சாலையைப் பார்த்தான்.

"புருசனா கேக்கல. உன் கண்ண நம்பிக் கேக்கறேன். சாயங்காலம் போன் பண்ணு. நீ சொல்றதுதான்," என்றான் பாண்டிராஜ்.

வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, அவள் தூங்கி எழுந்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. செல்வக்குமார் மொட்டைமாடியில் அவளுடைய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்து தண்ணீர்த் தொட்டி விளிம்பில் வைத்தாள்.

"பாண்டி அண்ணன் என்ன கேட்டாரு?"

"நீ முடிஞ்சிட்டியான்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சாயங்காலம் சொல்றேன்னேன்." துடைப்பதை நிறுத்தாமலே கேட்டான். "போகும்போது ஏன் அப்பிடி ஓட்டுன மீனா? பின்காத்து. கால வச்சிருந்தாலே வந்திருக்கலாம்."

அவள் தன் டம்ளரை எடுத்தாள். காபியை ஆற்றினாள். ஆறிய பிறகும் ஆற்றினாள்.

"கடைசியா வந்திரலாம்னு நெனச்சேன் மாமா."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நானா விட்டுட்டு வர எனக்கு மனசு வரல. அவங்களா வேணாம்னு சொல்லிட்டா இங்கயே இருந்துக்கலாம்ல. போன வருசம் ஆஸ்பத்திரில படுத்திருக்கேன், நர்சு வந்து வீட்டுல யாருகிட்டயாச்சும் பேசணுமான்னு கேக்குறா. மணியப் பாத்தா இங்க நடுச்சாமம். நீங்க தூங்குவீங்கன்னு வேணாம்னுட்டேன். அன்னைக்கு முடிவு பண்ணேன். போதும்னு."

"எழுப்பியிருக்கலாம்ல."

"எழுப்பி என்ன செய்ய? பதறுவீங்க. அங்கிட்டு இருந்து ஒரு டம்ளர் தண்ணி எடுத்துத் தர முடியுமா உங்களால?"

கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரரின் ஒலிபெருக்கி கத்திக்கொண்டே கடந்தது.

"அப்புறம் ஏன் திரும்பி வரும்போது அந்த மிதி மிதிச்ச?"

"நீங்க ஏன் கத்துனீங்க?"

அவன் பின்சக்கரத்தை ஒருமுறை சுழற்றிவிட்டான். "பழக்கம்," என்றான் கடைசியில்.

"எனக்கும் அதான். குரலக் கேட்டதும் காலு கேக்கல. சும்மா மிதிச்சா எனக்கே என்னைப் புடிக்காது போல." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நீங்க கத்தாம இருந்திருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும் மாமா."

அவன் கையிலிருந்த துணியைக் கீழே போட்டான். தானும் ஒரு மாதமாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்ததாக அவளிடம் சொன்னான். அவள் வந்து அவன் பக்கத்தில், வெயில் காய்ந்த தரையில் உட்கார்ந்து, அவனுடைய கிரீஸ் பட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப நான் பாண்டிகிட்ட என்ன சொல்ல?" என்றான்.

"என்ன சொல்லுவீங்க?"

"தோளு இன்னும் சரியாகல, வயசாச்சுன்னு சொன்னா விட்டுருவான். நம்புவான். நீ சொல்லு, அப்பிடியே சொல்லிடறேன்."

அவள் அவன் விரல்களில் இருந்த கிரீஸைத் துணியால் துடைத்தாள். தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பொய் சொல்லி என்னை வீட்டுல வச்சீங்கன்னா, கொஞ்ச நாள்ல நான் உங்களக் கோச்சுக்குவேன். பாத்ததச் சொல்லுங்க."

அவள் பக்கத்தில் இருக்கும்போதே அவன் போன் செய்தான்.

"பாண்டி, திருப்பத்துல அவ கடைசிக்கு முந்துன ஆளு. அங்கிருந்து எதிர்காத்துல அஞ்சாவதா வந்திருக்கா. திரும்புன பாதிய மட்டும் எடுத்துப் பாத்தா அவதான் முதல். அந்தச் சின்னப் பிள்ளையவிட வேகம். திருப்பத்துல எல்லார் நேரத்தையும் வாட்ச்சுல பிடிச்சேன், மொத்த நேரத்துல கழிச்சுப் பாத்தேன்."

"முதல் பாதி என்ன ஆச்சு?"

"அது மனசு. உடம்பு இல்ல."

பாண்டிராஜ் மேற்கொண்டு கேட்கவில்லை. "சரி மாப்ள. அவள மார்ச்சுக்குத் தயாராகச் சொல்லு," என்று வைத்துவிட்டான்.

மிச்சமிருந்த வாரங்களில் அவர்கள் விடியும்போதே அழகர்கோவில் சாலைக்குப் போனார்கள். அவன் ஸ்கூட்டரில் முன்னால் போவான். அவள் அவனுக்குப் பின்னால், அவன் உடைத்துக்கொடுக்கும் காற்றில் ஒண்டிக்கொண்டு வருவாள். மலையடிவாரத்தில் நின்று இட்லி சாப்பிடுவார்கள். கோவிலுக்கு வந்த பெண்கள் அவளுடைய உடையைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். பெல்ஜியம் பற்றி இருவரும் பேச்செடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அவளைப் பார்த்தே அவனுக்குத் தெரிந்தது: உடம்பு தேறிக்கொண்டு வருகிறது, அவள் தூரமாகிக்கொண்டு போகிறாள். இரண்டும் ஒன்றாகவே நடந்தன. சந்தோஷப்பட முடிந்தது, ஆனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

மார்ச் முதல் வாரம் பெங்களூரு ரயிலில் ஏற்றிவிட்டான். சைக்கிள் பெட்டியை உள்ளே வைக்க இடமில்லாமல் ஒரு குடும்பத்திடம் கெஞ்ச வேண்டியிருந்தது. அந்தப் பரபரப்பில் சரியாகப் பேசிக்கொள்ளவும் முடியவில்லை.

ஏப்ரலில் பெல்ஜியத்தில் முதல் டைம் ட்ரையல். அன்று கடையில் நாலு சைக்கிள் பஞ்சர் பார்க்கக் கிடந்தன. ஒன்றையும் தொடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினோராவது இடம். அவளுடைய அணியில் அவள்தான் முதல். சாயங்காலம் கூப்பிட்டாள். குளிர், மழை, சறுக்கும் கல் ரோடு என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"மாமா."

"சொல்லு."

"எம்புட்டு வேகம், காத்து எப்பிடி, தோளு எப்பிடின்னு எல்லாம் கேக்கறீங்க. எப்ப வருவன்னு ஒரு தடவகூட கேக்க மாட்டேங்கிறீங்க."

"அக்டோபர்லதான வருவ. தெரிஞ்சதுதான."

"தெரிஞ்சாலும் கேளுங்க."

கடைக்கு வெளியே விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். செல்வக்குமார் அவரைக் காத்திருக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

"எப்ப வருவ?" என்று கேட்டான்.

அந்தப் பக்கம் யாரோ அவளை ஆங்கிலத்தில் கூப்பிட்டார்கள். "இருங்க, பேசிட்டு வாரேன்," என்று அவர்களுக்குத் தமிழிலேயே பதில் சொன்னாள் முத்துமீனா. பிறகு அவனிடம், எத்தனையோ மாதம் கழித்து வரப்போகும் அந்த ரயில் எத்தனை மணிக்கு மதுரையில் நிற்கும் என்பதிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.