கதவுக்கு முட்டு

அப்பாவைப் புதைத்துவிட்டு வண்டியில் ஏறியதும் எனக்குப் பசித்தது. துக்கம் வரவில்லை, பசிதான் வந்தது. மணிலா வெயிலில் கறுப்புச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நெனிதா அக்கா அழுது அழுது மூக்கு சிவந்து, அப்போதும் அழகாகவே இருந்தாள். நானோ பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தேன். தொட்டால் தெரிகிறது, வலிதான் இல்லை.

"நேரா வீட்டுக்கு விட்டுறாதீங்க," என்றாள் அக்கா, வண்டி ஓட்டிய போயெட் அத்தானிடம். "எங்கயாவது நிறுத்தி உதறிட்டுத்தான் போகணும்."

சாவுக்குப் போனவர்கள் நேரே வீடு திரும்பினால் செத்தவரும் பின்னாலேயே வந்துவிடுவார். நடுவில் வேறெங்காவது கால் வைத்தால் அவருக்கு வழி குழம்பி அங்கேயே நின்றுவிடுவார்; அதைத்தான் உதறுவது என்போம். அமெரிக்காவில் நர்ஸாக இருக்கும் அக்கா எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பாள், இதை மட்டும் மாட்டாள். அவளுக்கென்ன, அடுத்த வாரம் விமானம் ஏறிவிடுவாள். அப்பா பின்னால் வந்தால் என்னிடம்தான் வருவார். வாதம் வந்து அவர் படுத்ததிலிருந்து அந்த வீட்டில் அவரும் நானும்தான். வரக்கூடாது என்றுதான் நானும் நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேனா, எல்லோரும் சொல்வதால் தலையாட்டினேனா என்பது எனக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் அத்தான் நிறுத்தப் பார்த்த கோழி வறுவல் கடையில் வரிசை தெருவரை நின்றது. பக்கத்துக் கடையில் யாருக்கோ பிறந்தநாள், வாசலெல்லாம் பலூன்.

"இன்னிக்குத்தானே மாமாவோட கண்காட்சி திறக்கறாங்க?" என்றார் அத்தான். "மியூசியத்துக்கே போயிடுவோம். ஏசி இருக்கும், சாப்பாடும் போடுவாங்க. நாம போனா அவங்களுக்கும் சந்தோஷம்."

அக்கா தலையாட்டினாள். எனக்குச் சாப்பாடு என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது.

அப்பா தெயோடோரோ பினெடாவை ஊருக்குக் கான்கிரீட் மனிதராகத்தான் தெரியும். நாடக அரங்கம், வங்கி, வட்டமான ஒரு தேவாலயம் என்று வரிசையாகக் கட்டினார். புயல் மழையில் மூன்றுமே ஒழுகும். அவர் படம் வரைந்ததும் மரம் செதுக்கியதும் இப்போதுதான் வெளியே தெரிந்து பெரிய செய்தியாகியிருக்கிறது. எங்களுக்கு அதில் செய்தி ஒன்றும் இல்லை. அலுவலகம் போகும்வரை அவர் தன் அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு வரைவார். காய்ச்சலாக இருந்தாலும் அந்தக் கதவைத் தட்டக்கூடாது. நான் வளர்ந்த வீட்டின் முதல் சட்டம் அதுதான். எனக்கு அந்தக் கதவின் மேல் இருந்த கோபம் இன்னும் போகவில்லை.

மியூசியத்தில் கண்காட்சியை அமைத்த ரெஜினா ஓடிவந்து எங்களைக் கட்டிக்கொண்டாள். ஒவ்வொரு படமாக அழைத்துப் போனாள். சிவப்பும் கறுப்புமாகப் பெண்கள், புட்டிகள், மீன்கள். நான் தட்டில் பொரித்த லும்பியாச் சுருள்களை வைத்துக்கொண்டு மென்றபடியே நடந்தேன். கடைசி அறையில் வெள்ளைப் பீடத்தின் மேல், தனி விளக்கு வெளிச்சத்தில் அது இருந்தது.

எங்கள் வீட்டில் கதவுக்கு முட்டாக வைக்கும் கட்டை.

பெயரிடப்படாதது, நாரா மரம், பிற்காலப் படைப்பு என்று பக்கத்தில் எழுதியிருந்தது. தொடக்கூடாது என்றும் போட்டிருந்தது.

"இந்தக் குழிவைப் பாருங்க மேடம்," என்றாள் ரெஜினா. "பேச்சு போனதுக்கப்புறம் செஞ்சது. அந்த மௌனத்தையே உள்ள வச்சிருக்கார்."

வலது கை விழுந்தபின் இடது கையால், நாள்கணக்கில் மரச்சீவல் சிந்திச் சிதற அவர் அதைச் செதுக்கினார். முடித்ததும் தன் அறைக்கதவைக் காட்டி, "திற... திறந்து..." என்று குழறினார். காற்றுக்கு அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். சாத்தினால் நான் சமையலறையில் பேசுவது அவருக்குக் கேட்காது. அடுப்போடும் பூனையோடும் நான் போடும் சண்டைதான், வேறு ஒன்றுமில்லை. அது அவருக்குக் கேட்க வேண்டுமாம். தினமும் காலையில் அந்தக் கட்டையை நான் காலால்தான் தள்ளுவேன். குழிவின் ஓரத்தில் தெரிந்த பளபளப்பு என் கால் பட்டுப் பட்டு வந்தது. போன மாதம் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மியூசியத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

"அழகா இருக்கு," என்றேன் ரெஜினாவிடம்.

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. வாயில் வைத்ததை விழுங்காமலே அத்தானின் கையைப் பிடித்தாள்.

"ஐயோ, நாம எங்க வந்து உதறியிருக்கோம்?"

"ஏன், நல்ல இடம்தானே?"

"அவருக்கு வழி குழம்பணும்னுதானே நிறுத்தறது? இங்க இருக்கறதெல்லாம் அவரு சாமான். இங்கேர்ந்து வீட்டுக்குக் கண்ணை மூடிக்கிட்டு வருவாரே!"

"மாமா டிக்கெட் வாங்கிட்டா உள்ள வந்திருப்பாரு?" என்றார் அத்தான். அக்கா முறைத்தாள். "கிளம்புங்க. வரிசையில நின்னாவது கோழிக்கடையில கால் வச்சுட்டுப் போவோம். மிலா, வாடி."

"தலை வலிக்குதுக்கா. நான் டாக்ஸில போறேன்."

"நேரா போய்த் தொலைச்சிடாத. பெட்ரோல் பங்க்லயாவது இறங்கு."

"சரிக்கா."

டாக்ஸிக்காரர் என் கறுப்புச் சட்டையைக் கண்ணாடியில் பார்த்தார். "சாவுக்குப் போயிட்டு வர்றீங்களாம்மா? வழியில எங்க நிறுத்தட்டும்?"

"எங்கயும் வேண்டாம். நேரா வீட்டுக்குப் போங்க."

அவர் சிலுவை போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். வழியில் பெட்ரோல் பங்க் வந்தது, போயிற்று.

வீட்டில் அப்பாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. திறந்தேன். காற்றடித்துப் படாரென்று மறுபடியும் சாத்திக்கொண்டது. திரும்பத் திறந்து, வலது கால் ஷூவைக் கழற்றிக் கதவடியில் செருகினேன். நின்றது.

ஒற்றைக் கால் ஷூவோடு சமையலறைக்குப் போய் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். அறைவரை கேட்கும்படி உரக்கவே சொன்னேன்.

"காபி போடறேம்பா."