பேப்பரம்மாவின் புருஷன் வந்த வழி

பேப்பரம்மாவின் புருஷன் வேலைக்குப் போன நாட்டிலிருந்து பெருங்கொக்காகத் திரும்பி வந்தான். மூச்சு விட ஓட்டை போட்ட மரப்பெட்டிக்குள், உச்சந்தலையில் சிவப்பும் உடம்பெல்லாம் வெள்ளையுமாக, ஆளுயரத்துக்கு நின்றபடியே கப்பலில் வந்து இறங்கினான். துறைமுகத்தில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. வெளிநாட்டுக்குப் போனவர்கள் இளைத்து வருவார்கள், பெருத்து வருவார்கள், போகும்போது இருந்த தலைமுடி இல்லாமல் வருவார்கள். அதெல்லாம் பார்த்துப் பழகியவர்கள். அவர்களைத் தூக்கிவாரிப் போட்டது வேறு விஷயம். பெட்டியோடு இறக்குமதி அனுமதி வரவில்லை.

பேப்பரம்மாவுக்கு அந்தத் துறைமுகத்தில் உயிர்ப்பிராணிகள் வந்திறங்கும் கொட்டகையில் பரிசோதகர் வேலை. பூமியில் அற்றுப்போகும் நிலையில் இருக்கிற பிராணி என்றால் முதலில் இந்த நாடு அனுமதி தர வேண்டும், அதைப் பார்த்துவிட்டு அனுப்புகிற நாடு அனுமதி தர வேண்டும், அதற்குப் பிறகுதான் பெட்டிக்கு ஆணியே அடிக்க வேண்டும். வந்து இறங்கிய பிறகு எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. யார் வந்து நின்றாலும் வணக்கத்துக்கு முன்னால் "பேப்பர் எங்க?" என்பாள், பேரே அப்படி ஆகிவிட்டது. சொந்த நாத்தனார் ஊர் சுற்றிவிட்டு ஆசை ஆசையாகத் தூக்கிவந்த ஆமையைக்கூட, "அண்ணி, அண்ணி" என்று கெஞ்சக் கெஞ்ச, பறிமுதல் செய்தவள் அவள். நாத்தனார் அன்றைக்குத் திருப்பிய முகத்தை அதற்குப் பிறகு நேராக்கவே இல்லை.

புருஷனுக்கு அங்கே கிடைத்த வேலை, தாயில்லாத கொக்குக் குஞ்சுகளை வளர்ப்பது. குஞ்சு மனிதமுகத்தைப் பார்த்துவிட்டால் மனிதனோடேயே ஒட்டிக்கொண்டு காட்டுக்குப் போகாமல் கெட்டுவிடும் என்பதால், வேலையாட்கள் தலை முதல் கால் வரை வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, கையில் கொக்குத்தலைப் பொம்மையைக் கோத்துக்கொண்டு, அதன் அலகால்தான் ஊட்ட வேண்டும். வாயைத் திறக்கவே கூடாது. முதல் வருஷம் போனில் அவன் காது வலிக்கப் பேசினான். பிறகு "ம்", "சரி" என்று சுருங்கியது. அப்புறம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. அங்கே எவளையோ சேர்த்துக்கொண்டான் என்று பேப்பரம்மா தலையணையை நனைத்த காலமும் உண்டு. பாவம், அவன் ஒருநாள் சாயங்காலம் அங்கியைக் கழற்றப் பார்த்திருக்கிறான், அது கழன்று வரவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். வருஷங்கள் போயின, முழங்கால் பின்பக்கமாக மடியப் பழகிக்கொண்டது. கடைசியில் ஒருநாள் போன் செய்து "வரேன்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். அந்தச் சந்தோஷத்தில் அவள் வீட்டுக்கு வெள்ளையடித்தாள், புதுத் திரைச்சீலை தைத்தாள், பாத்திரத்தையெல்லாம் தேய்த்துக் கவிழ்த்தாள். ஊரில் இருக்கிற அத்தனை பேரிடமும் கேட்கிற கேள்வியைத் தன் புருஷனிடம் கேட்க மட்டும் மறந்துபோனாள்.

"பேப்பர் எங்க?" என்றாள், பெட்டியின் பலகையைப் பெயர்த்ததும்.

"போன்ல சொன்னேனே."

"வரேன்னு சொன்னீங்க. இப்படி வரேன்னு சொன்னீங்களா?"

அவன் ஒற்றைக்காலில் நின்று தலையைக் குனிந்துகொண்டான். திட்டு வாங்கும்போது அப்படிக் குனிவது கல்யாணமான புதிதிலிருந்தே உள்ள பழக்கம்.

மேலதிகாரி நல்ல மனிதர். "உன் வீட்டுக்காரர்தானேம்மா, நான் டீ குடிச்சிட்டு மெதுவா வரேன், அதுக்குள்ள கூட்டிட்டுப் போயிடு" என்று எழுந்தே விட்டார். அவள் அசையவில்லை. கிளியைப் பறிகொடுத்து இதே கொட்டகையில் அழுதுவிட்டுப் போனவர்கள் முகம் ஒவ்வொன்றாக வந்து அவள் முன்னால் நின்றது. அதற்குள் செய்தி கேட்டு நாத்தனார் தலைதெறிக்க ஓடிவந்தாள். "ஆமை போனா போகுதுன்னு விட்டேன். எங்கண்ணனையுமா பறிமுதல் பண்ணுவே? வீட்டுச் சாமானுக்கு விலக்கு இருக்குன்னு சொல்வியே, அந்தக் கணக்குல விடேன்!" என்று கத்தினாள். மேலதிகாரி சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, அந்த விலக்கு உயிரில்லாத பொருளுக்கு மட்டும்தான் என்று வருத்தத்தோடு சொன்னார். நாத்தனாருக்கே சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே அழுதாள். பாக்கி இருந்தது இரண்டே வழி. பறிமுதல் செய்தால் மிருகக்காட்சிசாலையில் ஆயுசுக்கும் கம்பிவலைக்குள் இருப்பான், பெண்டாட்டி டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். இல்லையென்றால் வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும்.

பேப்பரம்மா ஒரு வாளித் தண்ணீரும் ஊறவைத்த தானியமும் கொண்டுவந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் அவன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "பெட்டியில கொண்டுவந்தா கேப்போம், பையில கொண்டுவந்தா கேப்போம். அதுவா பறந்து வர்றதை இதுவரைக்கும் நான் கேட்டதில்லைங்க. எந்தச் சட்டத்துலயும் அதைப் பத்தி ஒரு வரிகூட எழுதலை."

"நான் பறந்ததே இல்லையேம்மா."

"அத்தனை குஞ்சுக்குக் கத்துக்குடுத்தீங்களே!"

"முன்னாடி கையை விரிச்சுக்கிட்டு ஓடுவேன். அதுங்க பாட்டுக்குப் பறந்துடும். நான் மூச்சு வாங்கிக்கிட்டு நடந்து திரும்புவேன்."

"இந்தத் தடவை நிக்காம ஓடுங்க."

திருப்பி அனுப்பும் உத்தரவில் அவளே கையெழுத்துப் போட்டாள். அவன் பறப்பான் என்று அவளுக்குத் தெரியாது. பறக்காமல் போனால் இதுதான் கடைசி என்று தெரியும். கப்பல் ஊதியதும் கொட்டகைக்குப் பின்னால் அடுக்கியிருந்த தீவன மூட்டைகளுக்கு நடுவில் போய் நின்றுகொண்டு வாய்விட்டு அழுதாள். ஊர் அவளைக் கல்நெஞ்சக்காரி என்றது. நாத்தனார் இன்னும் மோசமாகச் சொன்னாள்.

அந்த வருஷக் குளிர்காலத்தில் அவன் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. மொட்டை மாடியில் அண்ணாந்து நின்று அவளுக்குக் கழுத்துவலி வந்ததுதான் மிச்சம். போனில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சரி, ஓடி ஓடிக் களைத்து எங்கேயாவது விழுந்திருப்பார், கையெழுத்துப் போட்ட கையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று இருந்தவளை, அதற்கடுத்த குளிர்காலத்தில் ஒரு நண்பகலில், தெருவே கூச்சல் போட்டு மாடிக்கு இழுத்தது. வானத்தில் பெருங்கொக்குகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. எல்லாம் அவன் ஊட்டி வளர்த்த குஞ்சுகள். எல்லாவற்றுக்கும் கடைசியில், ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு, காலை மடக்கத் தெரியாமல் தொங்கவிட்டுக்கொண்டு ஒருத்தன் வந்தான். குஞ்சுகள் அவனுக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு பறந்தன. மற்றதெல்லாம் தண்ணீர்த் தொட்டிமேல் அழகாக இறங்க, அவன் துணிக்கொடியில் சிக்கி, பக்கத்து வீட்டுப் போர்வையோடு சேர்ந்து அவள் காலடியில் வந்து விழுந்தான்.

பழக்கதோஷம், அவள் வாயில் முதலில் வந்தது அதுதான். "பேப்பர் எங்க?"

"யாரும் கொண்டு வரலைடி. நானே வந்தேன்" என்றான், மூச்சு இரைக்க.

தனக்குத் தெரிந்த அத்தனை விதிகளையும் பேப்பரம்மா மனதுக்குள் மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்தாள். ஒன்றும் தடுக்கவில்லை. "அப்ப சரி, உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டு, போர்வையோடு சேர்த்து அவனைக் கட்டிக்கொண்டாள்.

உள்ளே வரத்தான் முடியவில்லை. மாடிக் கதவு அவன் இறக்கைக்குக் காணாது. அதனால் கட்டிலை மேலே ஏற்றிவிட்டாள். வெயில் ஏறத் தொடங்கியதும் அவன் குஞ்சுகளோடு கிளம்பிவிடுவான், குளிர் வந்ததும் திரும்பிவிடுவான். ஒவ்வொரு வருஷமும் அவள் விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் 'கணவர் வருகை' என்று எழுதுகிறாள், மேலதிகாரி கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுகிறார். நாத்தனார் முகத்தை நேராக வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்க்க வந்து போகிறாள், ஆமையைப் பற்றி மட்டும் எப்போதாவது குத்திக்காட்டுவாள். அவன் இறங்குகிற விதம் இன்னும் தேறவில்லை என்பதால், குளிர் ஆரம்பித்தால் தெருக்காரர்கள் துணிக்கொடியைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டிக்கொள்கிறார்கள்.