இரண்டு புது டயரும் மூன்றடுக்கு கேக்கும்

"புதுசு ரெண்டையும் முன்னாடிதான் போடணும், அதுதான் முறை..."

"நீங்க சொன்ன முறையிலதானே ஆம்னிய வித்தோம், டெல்வின் அப்பா..."

"ஆம்னிக்கும் இதுக்கும் என்ன மேரி சம்பந்தம், நான் பேசறது ஸ்டீயரிங்கு..."

"நான் பேசறது கேக்கு! மூணு அடுக்கு, பதினோரு கிலோ. சாயங்காலம் ஆறு மணிக்கு மத்தூர்ல கல்யாணப் பொண்ணு லிபியா கத்திய வச்சிக்கிட்டு நிக்கும். எதை வெட்டச் சொல்றது? உங்க ஸ்டீயரிங்கயா?"

"அக்கா, அண்ணா, ரெண்டு பேரும் ஒரு நிமிசம் மூச்சு விடுங்க. கம்ப்ரசர் சத்தமே கேக்கல எனக்கு" என்றாள் முனிலட்சுமி.

குருபரப்பள்ளி சர்வீஸ் ரோட்டில் முனிலட்சுமியின் டயர் கடைக்கு எதிர் வீடுதான் யேசுராஜுடையது. ஓசூர் லாரி கம்பெனியில் இருபத்தேழு வருடம், கடைசிச் சோதனைப் பிரிவு. தயாராகி வந்த ஒவ்வொரு லாரியையும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து 'சரி' என்று முத்திரை குத்தியவர். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், மனைவி அன்னமேரி பன்னிரண்டு வருடமாகக் கேக் ஏற்றிக்கொண்டு போன ஆம்னி வேனைக் கொடுத்துவிட்டு, பெங்களூரில் நாலு கை மாறிய சிவப்புக் கார் ஒன்றை வீட்டுக்கு ஓட்டி வந்தார். ஜப்பான் வண்டி. இரண்டே சீட்டு. துணிக் கூரை. பாதிப் படுக்கையில்தான் உட்கார முடியும்.

"இதுல கேக்கு எங்க வைக்கறது?" என்று அன்னமேரி அன்றைக்கே கேட்டாள். "என் மடியில வச்சிக்கலாம்" என்றார். ஓட்டுகிறவர் மடியில்.

வாங்கிய பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை ஒரு அங்குலம் கீழே இறக்கினார். வளைவில் ஒட்டிக்கொண்டு போகும் என்றார். வேகத்தடையில்தான் முதலில் ஒட்டியது. நாலு டயரும் பழையது வாங்கிப் போட்டார். கம்பெனியில் பழகிய கையால், டயரின் பட்டன், அதாவது மேல் வரிகளின் ஆழம் பார்க்கும் கருவியை வைத்து நாலையும் அளந்து, ஏழு மில்லி, அருமை என்று தன் மனசுக்குள்ளேயே முத்திரை குத்திக்கொண்டார்.

இன்றைக்கு முகூர்த்தப் புதன். கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வரைக்கும் ஒரு வேன், ஒரு டெம்போ கிடைக்கவில்லை. அன்னமேரி காலையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"உங்க கார்லயே கேக்கு போவட்டும். நின்னுச்சுன்னா காரும் இந்த வீட்டுல நிக்கும். சாஞ்சிச்சுன்னா ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்ச கையோட கார் பெங்களூர் போவுது, எனக்கு ஒரு ஆம்னி வருது."

அதனால்தான் கார் இப்போது ஜாக்கி மேல் நிற்கிறது.

முனிலட்சுமி பழைய டயரில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினாள். நகம்தான் மடங்கியது.

"ஏமண்ணா இது? டயரா, ஆட்டுக்கல்லா?"

"பட்டன் பாரும்மா, ஏழு மில்லி."

"ஏழு மில்லி இருக்கும். ஓடவே இல்லியே, எங்கியோ மூலையில கெடந்திருக்குது. இங்க வாங்க. ஓரத்துல நாலு நம்பர் இருக்குதா, படிங்க."

"ஒண்ணு ஒண்ணு ஒண்ணு அஞ்சு."

"ரெண்டாயிரத்துப் பதினஞ்சு, பதினோராவது வாரம் செஞ்சது. ரப்பர் செத்து வருசம் ஆச்சு. ஆழத்த அளந்தீங்க, வயச கேக்கலியே?"

"நம்ம டெல்வின் பத்தாவது பரீட்சை எழுதினப்ப செஞ்ச டயரு" என்றாள் அன்னமேரி. "அவனுக்கே இப்ப பாதி முடி கொட்டிடுச்சு."

யேசுராஜ் கருவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

இந்த அளவில் முனிலட்சுமியிடம் இருந்தது இரண்டே டயர். மற்ற இரண்டும் பெங்களூரிலிருந்து வெள்ளிக்கிழமைதான் வரும். இரண்டை எங்கே மாட்டுவது என்பதில்தான் சண்டை.

"லாரியில எப்பவும் புதுசு முன்னாடி, பழசு மேல ரப்பர் ஒட்டின ரீட்ரெட் பின்னாடி" என்றார் யேசுராஜ். "முன் டயர் வெடிச்சா வண்டி போச்சு. இது பால் குடிக்கிற புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"அண்ணா, லாரிக்கு முதுகு மேல பத்து டன் உக்காந்திருக்குது, பின்னாடி எங்கியும் நவுராது. இதுக்குப் பின்பக்கம் வெறும் வாலு. ஈர நாய் வாலு மாதிரி. எஞ்சின் தள்ளறதும் பின் சக்கரத்தத்தான். பிடி இருக்க வேண்டியது பின்னாடி."

"நான் பாக்காத வண்டியாம்மா?"

"நீங்க பாத்ததெல்லாம் லாரி."

"முன்னாடி மாட்டு."

முனிலட்சுமி அன்னமேரியைப் பார்த்தாள். அன்னமேரி, "மாட்டு, முனி. மாட்டிட்டு, முதல்ல தயிரு போவட்டும்" என்றாள்.

"தயிரா?"

அன்னமேரி வீட்டுக்குள் போய், அகலமான எவர்சில்வர் பேசினில் கட்டியாக உறைந்திருந்த தயிரை இரண்டு கையாலும் ஏந்தி வந்தாள். பக்கத்து சீட்டில் பலகை வைத்துச் சமம் பார்த்து, பேசினை அதன் மேல் வைத்து, பெல்ட் போட்டாள்.

"ஒரு சுத்து போய்ட்டு வாங்க. தயிர்ல விரிசல் விழாம வந்தா கேக்கும் வரும்."

"மூடி எங்க?"

"கேக்குக்கு மூடி போட்டா ஓட்டுவீங்க?"

சோதனை என்றதும் யேசுராஜின் முதுகு தானாக நிமிர்ந்தது. புறப்படுமுன் காற்றுக் குழாயை அவரே எடுத்து, நாலு சக்கரத்திலும் லாரிக்காரர் கையால் காற்று ஏற்றினார். டயர் தவில் மாதிரி ஆனது. "அவ்ளோ வேணாம்ணா" என்று முனிலட்சுமி சொன்னது கம்ப்ரசர் சத்தத்தில் போய்விட்டது.

கடையிலிருந்து முன்னூறு அடி தள்ளி சர்வீஸ் ரோடு ஒரு வளைவு வளையும். வளைவை ஒட்டி லாரி கழுவும் இடம். அந்தத் தண்ணீர் எந்நேரமும் ரோட்டின் குறுக்கே ஓடும். முதல் முறை மெதுவாகப் போனார். தயிர் அசையவில்லை. ஜன்னல் வழியாகக் கட்டைவிரலைக் காட்டினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். திரும்பி இரண்டாவது முறை போனார், கொஞ்சம் வேகமாக. வளைவின் நடுவில் ஈரம் கண்ணில் பட்டதும் பிரேக்கை மிதித்தார்.

முன் சக்கரம் சொன்னபடி கேட்டது. பின்பக்கம் கேட்கவில்லை. காரின் வால் தலையைப் பார்க்கக் கிளம்பி, தலையையும் தாண்டிப் போய், வண்டி ஒரு முழுச் சுற்றில் பாதி சுற்றி, வந்த வழியைப் பார்த்தபடி மண்ணில் நின்றது. லாரி கழுவிக்கொண்டிருந்தவர்கள் குழாயைக் கையில் பிடித்தபடியே பார்த்தார்கள். ஒருவன் கன்னடத்தில் என்னவோ கேட்டான். யேசுராஜ் பதில் சொல்லவில்லை. வாயில் தயிர் இருந்தது.

மெதுவாக ஓட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். மீசை, சட்டை, கண்ணாடி, துணிக் கூரையின் உள்பக்கம், எல்லாம் வெள்ளை. பேசின் மட்டும் சுத்தமாக இருந்தது.

அன்னமேரி பேசினை எட்டிப் பார்த்தாள். "விரிசல் இல்லைங்க" என்றாள்.

முனிலட்சுமி உதட்டைக் கடித்துக்கொண்டு ஜாக்கியை எடுத்தாள். "பின்னாடி மாட்டட்டுங்களாண்ணா?"

"மாட்டும்மா."

"காத்தும் இறக்கட்டுங்களா? கதவு ஓரத்துல இந்த வண்டிக்கு எவ்ளோன்னு சீட்டு ஒட்டியிருக்குது. இருபத்தாறு. நீங்க வச்சிருக்கறது நாப்பத்தஞ்சு."

"இறக்கும்மா. எல்லாத்தையும் இறக்கு."

டயர் இடம் மாறியது. முனிலட்சுமி நாலு சக்கரத்தின் அடியிலும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தாள். தன் கடையிலிருந்து எந்த வண்டியும் பழம் நசுக்காமல் போகக் கூடாது என்பது அவளுடைய சட்டம். அன்னமேரி அதன் மேலேயே சிலுவை போட்டாள். இரண்டும் இருக்கட்டும்.

கேக்கை மூன்று பேரும் சேர்ந்து தூக்கி வந்து பலகை மேல் வைத்துப் பெல்ட் போட்டார்கள். யேசுராஜ் முகம் கழுவி, சட்டை மாற்றி, தலை சீவி, கதவுப் பக்கம் வந்து கையை நீட்டினார்.

"சாவி."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? ரெண்டு சீட்டு. ஒண்ணுல கேக்கு. ஓட்டறது யாரு?"

"பன்னண்டு வருசமா கேக்க ஓட்டறது யாரு?"

"மேரி, இது ஆம்னி இல்ல. இது ஸ்போர்ட்ஸ் கார். இதுக்குன்னு ஒரு கை வேணும்."

"அந்தக் கைய இப்பதானே கழுவிட்டு வந்தீங்க?"

"அப்ப நான் எப்பிடி மத்தூர் வர்றது?"

அன்னமேரி ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவை அவர் கையில் வைத்தாள். உள்ளே பஞ்சு மெத்தையில் சர்க்கரையில் செய்த மாப்பிள்ளையும் பொண்ணும் படுத்திருந்தார்கள். கேக்கின் உச்சியில் நிற்க வேண்டியவர்கள். "இவங்கள கூட்டிட்டு பஸ்ல வாங்க. நீங்க இப்பவே கெளம்புங்க, நான் வெயில் தாழ வரேன். ஆட்டாதீங்க."

இருபத்தேழு வருடம் லாரி ஓட்டிச் சோதித்த மனிதர் டிபன் டப்பாவோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். பின்னால் முனிலட்சுமி, "அண்ணா, முன் சீட்டுல உக்காருங்க, பின்னாடி தூக்கிப் போடும்!" என்று கத்தினாள்.

கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, ஊத்தங்கரை பஸ்ஸில் ஏறினார். முனிலட்சுமி சொன்னபடி முன்பக்கம் ஜன்னலோரம். டப்பா மடியில். பஸ் ஒவ்வொரு புளியமரத்துக்கும் நின்று நின்று போனது. மூன்றாவது வளைவில் பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது, சின்னதாக, மரியாதையாக. சிவப்புக் கார்.

வளைவு முடிந்ததும் பஸ்ஸைத் தாண்டி முன்னால் வந்தது. யேசுராஜ் கழுத்தை வெளியே நீட்டினார். அடுத்த வளைவுக்கு ரொம்ப முன்னாடியே பிரேக் விளக்கு எரிந்தது, அணைந்தது. வளைவுக்குள் ஒரு தடவைகூட எரியவில்லை. வண்டியை ஒரே இழுப்பில் திருப்பி, ஒரே இழுப்பில் நேராக்கினாள். வளைவு நேரான பிறகுதான் எஞ்சின் குரல் கூடியது. வண்டி ஒரு பக்கம் சாயவுமில்லை, தலை குனியவுமில்லை. சோதனைத் தடத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு அவர் வாய் வலிக்கச் சொன்னது அத்தனையும் அதில் இருந்தது. ஒன்றைக்கூட அவர் அன்னமேரிக்குச் சொன்னதில்லை. கேக் சொல்லிக் கொடுத்திருந்தது. நேரான ரோட்டில் கண்ணுக்கு மறைந்து போய்விட்டாள்.

"யாருய்யா அந்தம்மா!" என்றார் டிரைவர். "தண்ணி டம்ளர் வச்சாக்கூட சிந்தாது போல."

"என் சம்சாரம்" என்றார் யேசுராஜ்.

கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "வண்டி?"

"என்னுதுதான்."

"அப்பறம் நீங்க ஏன் பஸ்ல வர்றீங்க?"

"மாப்பிள பொண்ணு என் மடியில இருக்குது."

கண்டக்டர் இரண்டு சீட்டு தள்ளிப் போய் நின்றுகொண்டார். அந்த நேரம் பார்த்து ஒரு ஆடு குறுக்கே ஓட, டிரைவர் பிரேக்கைப் போட்டார், வளைவின் நடுவில்.

"வளைவுக்குள்ள பிரேக் போடாதீங்க!" என்று யேசுராஜ் கத்தினார். பஸ் மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது.

மத்தூர் சர்ச் ஹாலில் மூன்றடுக்குக் கேக் மேடை மேல் நின்றது. ஓரத்து ரோஜா இதழ்கூட உதிரவில்லை. லிபியாவின் அம்மா அன்னமேரியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் வெளியே காரைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊத்தங்கரையிலிருந்து வந்த ஒரு அத்தை, தன் பேரன் ஞானஸ்நானத்துக்கும் அதே கேக், அதே காரில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

யேசுராஜ் டப்பாவை நீட்டினார். அன்னமேரி திறந்தாள். பொண்ணு முழுசாக இருந்தாள். மாப்பிள்ளைக்குத் தலை இல்லை. தலை தனியாக, பஞ்சின் மூலையில், சிரித்துக்கொண்டிருந்தது.

"ஆடு குறுக்க வந்திடுச்சு" என்றார்.

"ஆட்டாதீங்கன்னுதானே சொன்னேன்."

"நான் எங்க ஆட்டினேன், டிரைவர்தான்..."

அவள் ஒரு சொட்டு ஐசிங் தொட்டுத் தலையை ஒட்டினாள். கொஞ்சம் திரும்பிக்கொண்டது. மாப்பிள்ளை நேராகப் பார்க்காமல் பொண்ணையே பார்த்தபடி நின்றான். "இருக்கட்டும். கல்யாணம் ஆனா அப்பிடித்தான் திரும்பும்" என்று உச்சியில் வைத்தாள்.

விருந்து முடிந்து வெளியே வந்தார்கள். பலகை எடுத்தாகிவிட்டது. பக்கத்து சீட்டு காலி. அன்னமேரி குனிந்து, பின் டயரைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு முறை அழுத்திப் பார்த்தாள். நகம் பதிந்தது. முன் டயரையும் அழுத்தினாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"வெள்ளிக்கிழமை மீதி ரெண்டும் வந்திடுமில்ல?"

"வந்திடும். அப்ப... காரு நிக்குதா மேரி?"

"கேக்கு நின்னுச்சே, பாத்தீங்களே. அப்பறம், அந்த ஸ்பிரிங்க பழையபடி தூக்கி வச்சிருங்க. கந்திகுப்பத்து வேகத்தடையில அடிவயிறு இடிக்குது, எனக்கு."

"தூக்கிடறேன்."

"காத்து இருபத்தாறுக்கு மேல ஒரு பொட்டு ஏறக் கூடாது."

"ஏறாது."

அவள் கைப்பையைத் திறந்து சாவியைத் தேடி எடுத்தாள். யேசுராஜ் மெல்ல அவள் பக்கம் சுற்றி வந்து, ஓட்டுகிறவர் கதவுக்கு முன்னால் நின்றார். மீசை ஓரத்தில் காய்ந்த தயிர் ஒரு புள்ளி இன்னும் இருந்தது.

"திரும்பிப் போறப்பவாவது நான் ஓட்டட்டுமா, மேரி?"